சுரோ காய்க்கட்டும்

மிருணாளினி அந்த நிபந்தனையை விளையாட்டுக்குத்தான் போட்டாள். ஏப்ரலில் ஒரு காலை, புறநகர் ஓல்னேயிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகும் ரயில் நெரிசலில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பக்கத்து வீட்டு ஐங்கரன் தன்னைக் கலியாணம் செய்வாயா என்று கேட்டுவிட்டான். உடனே ஓம் என்றால் மரியாதையில்லையே என்று, "சுரோ காய்க்கட்டும், சொல்லுறன்" என்றாள். தான் வேலை செய்யும் லாச்சப்பல் நகைக்கடையில் அன்று முழுவதும், தோடு கேட்டவர்களுக்குச் சங்கிலி எடுத்துக் காட்டினாள்.

சுரோ என்பது எல்டர்பெரிக்குப் பிரெஞ்சுப் பெயர், அவள் வீட்டுத் தோட்டத்துச் செடி. முருங்கைக் கிளை நடுவதுபோல ஒரு தடியை வெட்டி வேலியோரம் ஊன்றியிருந்தாள். கருநீலப் பழக் குலைகளைக் காய்ச்சி இனிப்புப் பாணி எடுக்க ஆசை. மூன்று வருடத்தில் ஆளுயரத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் சாய்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. தனியே நின்றால் சரியாகக் காய்க்காது, அருகில் வேறு இனம் ஒன்று வேண்டும் என்று வாசித்தறிந்து, வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொன்றை நட்டவன்தான் ஐங்கரன். அவர்கள் பேசத் தொடங்கியதே அப்படித்தான்.

ஜூனில் இரண்டு செடியும் சாசர் அகல வெள்ளைக் கொத்துகளாகப் பூத்துத் தள்ளின. பிறகு நாளுக்கு நாள் குறைந்தன. புறாவின் வேலை என்று முடிவு கட்டிய ஐங்கரன், மினுங்கி வெருட்டட்டுமென்று பழைய சீடிகளைக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டான். பூ இன்னும் குறைந்தது.

மிருணாளினிக்கு அந்தப் புறாவைத் தெரியும். தினமும் காலையில் யன்னலால் பார்க்கிறாள். ஐங்கரனின் அம்மா ஞானம்மா தலை முழுகி, கையில் தட்டோடு வந்து, சீடிகளை விலக்கிவிட்டுப் பிள்ளையார் படத்துக்குக் கொத்துக் கொத்தாய்ப் பூ ஆய்ந்து தட்டை நிரப்புவார். வேலிக்கு மேலால் வந்த பூவைச் சாமிக்கு ஆய யாழ்ப்பாணத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆய்ந்தால் காய் வராது என்று அவர் யோசிக்கவுமில்லை. நந்தியாவட்டை காய்க்குமென்று யார் காத்திருந்தார்கள்?

சாமிக்குப் பூ ஆயவேண்டாமென்று வருங்கால மாமியாரிடம் எப்படிச் சொல்வது? ஐங்கரனிடம் சொன்னால் தாயோடு சண்டைக்குப் போவான். போட்ட நிபந்தனையைத் தானே எடுக்கவும் வெட்கம். யன்னலடியில் நின்று சிரித்தாள், பிறகு நகம் கடித்தாள்.

கடைசியில் அவளுடைய செடியின் உச்சியில் ஒரேயொரு கொத்து மிஞ்சியது. சனிக்கிழமை காலை ஞானம்மா அதற்கு ஏணி கொண்டுவந்து வைத்து ஏறினார். மிருணாளினி தலையில் சுற்றிய துவாயோடு ஓடினாள்.

"அன்ரி, அதை ஆயாதேங்கோ."

"சாமிக்குத்தானே பிள்ளை."

"சாமிக்கு நான் மல்லிகைச் சரம் வாங்கித்தாறன். அது காய்ச்சால்தான் உங்கட மகனுக்கு ஓம் எண்டு சொல்லுவன் எண்டிட்டன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று அவளுக்கு விளங்கியது. ஞானம்மா ஏணியில் நின்றபடி கொத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"காய்க்காட்டி?"

"காய்க்காட்டியும் ஓம்தான், அன்ரி."

ஞானம்மா கொத்திலிருந்து கையை எடுத்தார். மெல்ல இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டார். ஐங்கரன் வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக வந்து நின்றான்.

"டேய் புறா பிடிக்கிறவனே, இவள் ஓமெண்டிட்டாள். வாயைக் கழுவிப்போட்டு வா."

அவன் கழுவவில்லை. பிரஷ்ஷோடேயே ஏணியில் ஏறி வேலிக்கு மேலால் ஒரு காலைப் போட்டான். கிளை ஆடியது. பூக் கவனம், பூக் கவனம் என்று கத்திக்கொண்டே ஞானம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.