சாமி பேரில் போட்ட பூட்டு

நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி அர்த்தநாரி சொன்னபோது காளியாத்தாளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

எண்பத்தெட்டில் நாமக்கல் லாரி ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் நுழைந்ததே பெரிய விஷயம். எந்த வண்டி எங்கே சரக்கு இறக்குகிறது, திரும்பும்போது யாரிடம் லோடு ஏற்றப்போகிறது என்ற விவரமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. அது எப்படியோ போட்டிக் கம்பெனிக்குப் போய், இவர்கள் வண்டி போய்ச் சேருமுன்பே அந்தக் கம்பெனி வண்டி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. கம்ப்யூட்டரைத் திறக்கும் ரகசியச் சொல் தெரிந்தவர்கள் முதலாளியும் அதில் விவரம் ஏற்றும் காளியாத்தாளும் மட்டும். முதலாளி தன்னையே சந்தேகப்படுவாரா? பழி நேராக இவள் தலையில் விழுந்தது.

திருடி என்ற பேரோடு இந்த ஊரில் வேறு எந்த ஆபீஸ் படி ஏறுவது? போவதானாலும் பேரைக் கழுவிக்கொண்டுதான் போவது என்று நிமிர்ந்து நின்றாள்.

"நான் யாருக்கும் சொல்லலீங்க. அந்தச் சொல்லு ஊருக்கே தெரியுமுங்க."

"ஊருக்கு எப்படியம்மா தெரியும்? நானே ரோசிச்சு வெச்சதாச்சே!"

காளியாத்தாள் விறுவிறுவென்று வெளியே போனாள். அப்போதுதான் வண்டியை நிறுத்தி இறங்கிய டிரைவர் மாரியப்பனைக் கையோடு அழைத்துவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். அந்த மனுஷர் அதைத் தொட்டதே கிடையாது. கரண்டு அடிக்குமோ என்று பயந்து பயந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, மொதலாளி ஒரு சொல்லு வெச்சு இதைப் பூட்டியிருக்காருங்க. என்னவா இருக்கும்?"

"இதென்னம்மிணி கேள்வி? செல்லாண்டியாத்தா பேருதான். அந்தப் பேரைச் சொல்லாம ஒரு டயரு மாட்ட உடுவாரா?"

"அதையே அடிங்க, பாக்கலாம்."

"எனக்கு இங்கிலீசு தெரியாதே!"

வடக்கே போகிற வண்டிகள் என்பதால் நெற்றியில் அம்மன் பேர் இங்கிலீஷிலும் எழுதியிருக்கும். மாரியப்பன் ஜன்னல் வழியே தன் வண்டி நெற்றியைப் பார்ப்பார். அதே மாதிரி எழுத்தைத் தேடி ஒற்றை விரலால் குத்துவார். குத்தி முடித்ததும் திரை திறந்துகொண்டது. அத்தனை வண்டிகளும் வரிசையாக வந்து நின்றன.

அர்த்தநாரிக்கு முகம் செத்துப்போயிற்று. லோடு புரோக்கர்கள் நாள் முழுக்க வந்து உட்கார்ந்து போகிற ஆபீஸ் அது. அவர்களில் ஒருத்தன் அதைத் திறந்து பார்க்க, இவள் சாப்பிடப் போகிற நேரம் போதுமே.

"ஆத்தா காப்பாத்துவான்னு வெச்சேன்," என்றார்.

"ஆத்தா வழித்தொணைக்கு வருமுங்க. பூட்டுக்கு ஆகாதுங்க. இனி உங்களுக்கு ஒரு சொல்லு, எனக்கு ஒரு சொல்லு. ஆரு தொறந்தாலும் அவிய பேரு அதுல பதிஞ்சிரும். சம்மதம்னா இருக்கறேன். இல்லீன்னா இப்பவே கெளம்பறனுங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். காளியாத்தாள் தன் சொல்லை அடிக்க உட்கார்ந்தாள். அவர் பின்னால் வந்து எட்டிப்பார்த்தார்.

"அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"எங்கிட்டயேவா மறைக்கறே?"

"ஆமாங்க. ஒண்ணு காணாமப் போனா உங்களுக்கு மொதல்ல நெனப்பு வர்றது எம்பேருதானுங்க."

அர்த்தநாரி அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.