ரூபன் கத்தினானா?

வேட் ஹார்கின்ஸ் ஒன்பது வருஷமாக பேஸ்பால் ஆடிப் பிழைக்கிறான் என்பது பேருக்குத்தான். ஆடியதைவிட பெஞ்சில் உட்கார்ந்ததே அதிகம். ஐந்து அணிகள், ஐந்திலும் மாற்று ஆள். எவனுக்காவது தொடை பிடித்துக்கொண்டால்தான் இவனுக்கு அழைப்பு வரும். முப்பத்திரண்டு வயது. இந்த வருஷமும் இப்படியே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஜூன் மாத ஆட்டம் ஒன்றின் கடைசியில் மைதானத்தின் இடப்பக்கம் பந்து பிடிக்க அனுப்பினார்கள். எதிரணி அடித்த பந்து உயர எழும்பி, இவனுக்கும் இவன் அணியிலேயே நடுவில் நின்ற ரூபன் ஓச்சோவாவுக்கும் இடையே இறங்கியது. அங்கே ஒரே சட்டம்தான்: நடுவில் நிற்பவன் "என் பந்து" என்று கத்திவிட்டால் மற்றவன் விலகிவிட வேண்டும். ரூபன் மூன்று தடவை கத்தினான். மூன்றும் வேட்டின் காதில் விழுந்தன. பதினோரு நாளாகப் பந்தைத் தொடாத பாழாய்ப்போன ஆசை விலக விட்டால்தானே! ஓடினான்.

மோதியதில் ரூபனுக்கு முழங்கால் போயிற்று, மண்டையிலும் அடி.

"கூட்டம் போட்ட சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்றான் வேட். எல்லோரும் நம்பினார்கள். மறுநாளே ரூபனின் இடம் இவனுக்கு வந்தது. நன்றாகவும் ஆடினான், அதுதான் கொடுமை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; இவனுக்கோ சோறே இறங்கவில்லை.

ஆகஸ்டில் ரூபன் ஊன்றுகோலோடு உடை மாற்றும் அறைக்கு வந்தான்.

"என்னடா மாப்ள, என் எடத்துல நின்னு வெளுத்து வாங்குறியாமே, திருட்டுப் பயலே!"

எல்லோரும் சிரித்தார்கள். வேட் குனிந்து, கட்டிய ஷூவையே மறுபடி கட்டினான். மற்றவர்கள் பயிற்சிக்குப் போனதும் ரூபன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டேய், இனிமே நான் ஆட முடியாதாம். அது போவட்டும். அந்த நிமிஷம் மட்டும் எனக்கு சுத்தமா ஞாபகம் இல்ல. வீடியோல என் முதுகுதான் தெரியுது. நான் கத்தினேனா, இல்லையா? எங்கப்பா நான் கத்த மறந்திருப்பேங்குறாரு. பக்கத்துல இருந்தவன் நீதான், சொல்லுடா."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. எதிர்ச் சுவரில் இன்றைய ஆட்டக்காரர் பட்டியலில் இவன் பெயர் இரண்டாவதாக இருந்தது.

"கத்தல, ரூபன்."

ரூபன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தான். பிறகு இவன் தோளில் கை வைத்தான்.

"அப்ப தப்பு என்னோடதுதான். உன்னையும்ல கொன்னிருப்பேன்! மன்னிச்சிக்கடா."

"பரவால்ல, விடு" என்றான் வேட்.