கோடு போடாத சதுரம்

ஆஸ்துமா எந்த மரபணுவில் ஒளிந்திருக்கிறது என்று ரொறன்ரோவில் இருபது வருடமாகத் தேடுகிறவர் டொக்டர் யூஜினி. ஆய்வுக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம் வரைவார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். நோயாளியைக் கறுப்பாக்கி, இறந்தவர்மேல் குறுக்கே கோடு போடுவார். படத்தில் பிழையான தகவலைப் போட்ட உதவியாளரை வேலையை விட்டே அனுப்பியவர்.

வன்னியில் சண்டை முடிந்த வாரம், நகரின் மல்வேர்ன் பகுதியிலிருந்து ஷாமிலா, மூச்சு முட்டி இழுக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“வேற ஆருக்கும் முட்டு இருக்கோ?” என்று கேட்டார் யூஜினி.

“என்ரை தம்பிக்கு. சின்னனிலையே இழுக்கும்.”

யூஜினி ஒரு சதுரத்தைக் கறுப்பாக்கினார். அடுத்த கேள்வியைக் கேட்காமல் படம் முடியாது.

“உயிரோட இருக்கிறாரோ?”

“முள்ளிவாய்க்காலுக்கை நிண்டவன். ஒரு தகவலும் இல்லை. கோடு கீறிப்போடாதேங்கோ, டொக்டர்.”

யூஜினி பேனையை மூடினார்.

“உங்கட ஆக்களும் அங்கையோ?” என்று ஷாமிலா கேட்டாள்.

இந்த ஆய்வின் முதல் படம் யூஜினியின் சொந்தக் குடும்பம். அதிலும் ஒரு கறுப்புச் சதுரம் உண்டு. அது தம்பி; அவனுடைய முட்டுத்தான் அவரை இந்தத் துறைக்கே கொண்டுவந்தது. அவனை வன்னியில் புதைத்த இடத்தைச் சொல்லி மன்னாரிலிருந்து போன் வந்து ஒரு மாதமாகிறது.

“என்ரை தம்பி,” என்றார். “நானும் இன்னும் கீறேல்லை.”