ஆறாவது வட்டம்

வகுப்புக்குப் பாடம் தயாரிக்க உட்கார்ந்தவள், மதியமாகியும் எழுந்திருக்கவில்லை. தாளில் ஒரு தானியங்கியின், அதாவது நிலைக்கு நிலை தாவும் ஒரு கணக்கு இயந்திரத்தின், படம்: நிலைக்கொன்றாக ஐந்து வட்டங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு அம்புகள். எப்படித் திருப்பிப் போட்டாலும் எங்காவது ஒரு கோடு இன்னொன்றை வெட்டும். அதே வேலையைச் செய்கிற பெரிய தானியங்கியாக மாற்றினாலும் அந்த வெட்டு ஒழியாது என்று அவளும் அண்ணனும் ஏழு வருடங்களுக்கு முன் நிரூபித்திருந்தார்கள். இருவர் பேரும் சேர்ந்து வந்த ஒரே ஆய்வுக் கட்டுரை.

மாணவர்களுக்குக் காட்டலாமே என்றுதான் ஐந்தாவது வட்டத்தை இரண்டாகப் பிரித்தாள். உள்ளே வரும் இரண்டு அம்புகளில் ஆளுக்கொன்று. வெளியே போகிறவை இரண்டுக்கும் உண்டு. தானியங்கி பழைய வேலையையே செய்தது. இப்போது வட்டம் ஆறு; ஆனால் எந்தக் கோடும் எதையும் வெட்டவில்லை. அப்படியென்றால் நிரூபித்ததே தப்பு.

மூன்று முறை வரைந்து பார்த்தாள். பிறகு கட்டுரையைத் திரும்பப் பெற அது வெளிவந்த ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்தும் போட்டு எடுத்துக்கொண்டு, மூன்று மாடி ஏறி, அதே கல்லூரியில் வேலை பார்க்கும் அண்ணனின் அறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை அவனுக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல். இது மூன்றாவது தடவை.

படத்தையும் கடிதத்தையும் அவன் மேசையில் வைத்தாள். அவன் படத்தை வெகுநேரம் பார்த்தான். தானே ஒரு தடவை வரைந்தான். இன்னொரு தடவை.

"ஏழு வருஷமா ஒருத்தரும் கேக்கலையே."

"நான் பாத்துட்டேனே அண்ணா."

"வெள்ளிக்கிழமை தாண்டட்டும். ரெண்டு நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது?"

"அங்க இதைப் பத்திதானே கேப்பாங்க. என்னன்னு சொல்லுவ?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். காதோரம் இவ்வளவு நரைத்திருந்ததை அவள் இப்போதுதான் கவனித்தாள்.

"சாப்பிட்டியா நீ?"

"இல்ல."

"மூஞ்சியப் பாரு. கொஞ்ச நேரம் சாஞ்சுக்கோ, எனக்கு கிளாஸ் இருக்கு."

சண்டை போடத் தெம்பில்லை. நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது அறையில் யாருமில்லை. கடிதம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவனுக்காக விட்டிருந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. ஆனால் மூன்றாவது வரியில், 'இந்தப் பிழை முழுக்க என்னுடையது' என்று அவள் எழுதியிருந்ததில், 'முழுக்க என்னுடையது' பென்சிலால் அடிக்கப்பட்டு, மேலே அண்ணனின் பொடி எழுத்தில் 'எங்களுடையது' என்றிருந்தது.