நிறுத்தச் சொன்ன மருந்து

டாக்டர் சத்தியசீலன் மருந்தை அடியோடு நிறுத்தச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. சுந்தரவல்லி நிறுத்தவில்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. எண்ணெய் மாதிரி மருந்து, வீச்சம் தாங்காது; ஆரம்பத்திலிருந்தே பாலில்தான் கலந்து கொடுப்பாள். இப்போது ஏலக்காயைக் கொஞ்சம் கூடத் தட்டிப் போட்டாள். கணவர் ஜம்பு சமர்த்தாகக் குடித்தார்.

அவளையும் என்ன சொல்ல? ஜம்புவுக்கு ரத்தப் புற்றுநோய். தம்பி சேஷனின் எலும்பு மஜ்ஜையை ஏற்றிய இரண்டாம் மாதம், இதே மருந்து சற்றுக் குறைந்ததற்கே தோல் சிவந்து உரிந்தது. துடைத்துவிட்டவள் அவள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா?

"இந்த மருந்து உங்க தம்பி அணுக்களோட கையைக் கட்டிப் போட்டிருக்கு. அவிழ்த்தாத்தான் ஒளிஞ்சிருக்கிற நோயை அடிக்கும். லேசாத் தடிப்பு வந்தா நல்லதுதான்" என்று நிறுத்தச் சொன்ன அன்றே விளக்கியிருந்தார் டாக்டர். நல்லதாமே! அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்.

இன்று ஆஸ்பத்திரியில் அவர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

"கெட்ட அணு தலைகாட்டுது. ஒரு பொட்டுத் தடிப்புகூட வரலை. தம்பி அணுக்கள் சண்டையே போடலை."

"அப்போ சேஷன் கொடுத்தது வீணாப் போயிடுத்தா, டாக்டர்?" என்று ஜம்பு கேட்டார்.

அந்தக் குரலை அவளால் தாங்க முடியவில்லை.

"அது சண்டை போடும் டாக்டர். நான்தான் விடலை. பாலில கலந்து கொடுத்திண்டே இருக்கேன்."

டாக்டர் ரிப்போர்ட்டை மூடிவைத்தார். பிறகு, "இன்னிக்கே நிறுத்துங்க. நேரம் இருக்கான்னு எனக்கே தெரியலை" என்றார்.

வீட்டில் ஜம்பு திட்டவில்லை. ஆனால் பால் டம்ளரை ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். அது அவளுக்கு அடி வாங்கியது போலிருந்தது. தினமும் காலையில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து உள்ளங்கை, பாதம், காதுமடல் என்று தேடினாள். பத்து நாள் ஒன்றுமில்லை. எந்தச் சிவப்பைக் கண்டு நடுங்கினாளோ, அதையே வா வா என்று வேண்டிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காலை. "வல்லி, கை அரிக்கறது" என்றார் ஜம்பு.

இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன. இது எங்கே போய் நிற்குமோ என்று சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை வரை பார்த்தாள். ஆனாலும் அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

"சொறியாதேங்கோ. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும், முதல்ல பாலைக் குடிங்கோ."

அவர் டம்ளரை வாங்கி, முகராமலே குடித்தார்.