புண்ணில் தூவிய தூள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் பதினோரு வருடமாகக் கிருமி வளர்க்கிறேன். இருக்கிற பொறுமையெல்லாம் அதற்கே செலவாகிவிடுகிறது.

அந்தத் திங்கட்கிழமை காலை, சீழ் பூசி வைத்திருந்த தட்டைத் திறந்தால் ஒன்றுமே வளரவில்லை. நோயாளி பெயர் அன்னக்கொடி, மாட்டுத்தாவணியில் நாளெல்லாம் நின்று மல்லிகை விற்கிறவர். சர்க்கரை, காலில் புண். புண் கணுக்காலைத் தாண்டிவிட்டது. எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரியாவிட்டால் வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

"வளர்ச்சி இல்லைன்னு போட்டு அனுப்பும்மா ஜெனிஷா," என்றார் லேப் தலைவர் தங்கப்பாண்டி.

"சீழ் வடியுற புண்ணு சார். கிருமி எங்க போகும்? நான் பாத்துட்டு வாரேன்."

"வார்டுக்குப் போறது நம்ம வேலை இல்ல."

பிறகு யார் வேலையாம்? போனேன்.

அங்கே அன்னக்கொடியின் மகன் நல்லகாமன் கட்டைப் பிரித்து, ஒரு கேப்சூலைத் திருகி, தூளைப் புண்ணில் தூவிக்கொண்டிருந்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன தம்பி பண்றீங்க?"

"மெடிக்கல்ல வாங்குனதுக்கா. மம்பட்டி வெட்டுனாலும் நாங்க இதத்தான் போடுவோம். வந்ததுல இருந்து தெனம் ரெண்டு தடவ போடுறேன்."

சனிக்கிழமை நர்ஸ் சீழை எடுத்தபோது இந்த ஆன்டிபயாடிக் தூளும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவ்வளவு தூள் மொத்தமாக விழுந்ததால்தான் என் தட்டில் கிருமி அமுங்கியது. காலுக்குள் இருந்ததை அது தொடவே இல்லை. பாவிப்பயல், அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்திருக்கிறான்.

நேரே டாக்டரிடம் போனேன். "நல்லாக் கழுவிட்டு, உள்ள இருந்து ஒரு துண்டு சதை எடுத்துக் குடுங்க சார். புதன்கிழமை ரிப்போர்ட் தாரேன்."

செவ்வாய்க்கிழமை தட்டு நிறைய வளர்ந்திருந்தது. அதைப் புதுத் தட்டுகளில் பூசி, பன்னிரண்டு மருந்து வில்லைகளை வைத்தேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும். புதன்கிழமை பதினோரு வில்லைகளின் விளிம்பு வரை கிருமி அப்பிக் கிடந்தது. ஒன்றைச் சுற்றி மட்டும் வட்டம். ஸ்கேல் வைத்து அளந்தேன். தங்கப்பாண்டி சாரும் அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"நீயே கொண்டு போய்க் குடு," என்றார்.

அன்றே அந்த ஊசியை ஆரம்பித்தார்கள். பன்னிரண்டில் இது ஒன்றுதான் மிச்சம், கண்டபடி போட்டால் இதுவும் கேட்காமல் போகும் என்று அம்மாவிடமும் மகனிடமும் சொன்னேன். ஆபரேஷன் தள்ளிப்போனது. பத்தாம் நாள் புண் சுருங்கத் தொடங்கியிருந்தது.

"அந்த மருந்து பேர எழுதிக் குடுங்கக்கா," என்றான் நல்லகாமன். "எங்க மாமாவுக்கும் கால்ல புண்ணு. வாங்கி வீட்ல வச்சுக்கிட்டா அவசரத்துக்கு ஆகும்."

நான் திட்ட ஆரம்பிப்பதற்குள் அவன் அம்மா முந்திக்கொண்டார்.

"பன்னெண்டுல ஒண்ணுதான் மிச்சம்னு அந்தப் புள்ள சொன்னது ஒனக்குக் கேக்கலையாடா?" என்றார் அன்னக்கொடி. "மாமாவ இங்க கூட்டிட்டு வா."

தலையணைக்கு அடியிலிருந்து மீதிக் கேப்சூல் பட்டையை எடுத்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைத் தரையில் ஊன்றி, நாலு எட்டு நடந்துவந்து என் கையில் வைத்தார்.

இப்போது நடக்கக் கூடாது என்று நான் அதட்டியிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது.