இரண்டாம் முறை எடுத்த படம்

ஸ்கேன் அறையில் டெக்னீஷியன் அவள் வைத்ததுதான் சட்டம். கதிரியக்கம் கலந்த சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டால், ஒரு மணி நேரம் பேசக் கூடாது, அசையக் கூடாது, போர்வையை விலக்கக் கூடாது. சிங்கத்தையே படுக்க வைத்துவிடுவாள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அன்று சட்டத்தை மீறியது அவளேதான். சலவைக்குப் போன போர்வைகள் வந்து சேரவில்லை. பக்கத்து அறையில் ஒரு அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். ஊசி போட்டுப் படுத்திருந்த லாரிக்காரர் ஒருவர் மேலிருந்த போர்வையை உருவி அந்த அம்மாவுக்குப் போர்த்திவிட்டாள்.

"எடுத்துக்கம்மா. கண்ணாடி ஒடஞ்ச வண்டியில மலையேறினவன் நான்" என்றார் லாரிக்காரர்.

"பேசாதீங்க!" என்று அதட்டினாள்.

அவருக்கு லிம்போமா, நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். மெதுவாக வளரும் வகை என்பதால் மூன்று வருடமாக மருந்தில்லாமல் கண்காணித்து வந்தார்கள். அது வேகமான வகையாக மாறிவிட்டதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். வேகமான வகை சர்க்கரையை அள்ளித் தின்னும். படத்தில் பளீரென்று ஒளிரும்.

ஒளிர்ந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும், தோள் வரைக்கும்.

"மாறிடுச்சு போலிருக்கே" என்றார் படம் பார்க்கும் டாக்டர். "கழுத்துக் கட்டியை அறுத்து எடுத்துப் பாக்கச் சொல்லி எழுதறேன்."

அவளுக்கு உருவிய போர்வை ஞாபகம் வந்தது. குளிரெடுத்தால் உடம்பு கழுத்துக் கொழுப்பை எரித்துச் சூடு பண்ணிக்கொள்ளும். அந்தக் கொழுப்பும் இதே சர்க்கரையைத்தான் தின்னும். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள் அவள். வாயைத் திறந்தால் வேலைக்கு வேட்டு. திறக்காவிட்டால் அவர் கழுத்துக்குக் கத்தி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். அவள் முழுசாக இரண்டு நிமிடம் யோசித்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

டாக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். குதித்து முடித்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சின்னக் கட்டியும் கொழுப்பும் பின்னிக் கிடக்கு. எது ஒளிருதுன்னு இதுல சொல்ல முடியாது. அடுத்த வாரம் திரும்ப எடு."

இரண்டாவது கடிதமும் வந்தது. நல்ல வேளை, வேலை தப்பியது.

மறுவாரம் அறையைச் சூடாக்கி, மூன்று போர்வை போர்த்தினாள். லாரிக்காரர் வாயே திறக்கவில்லை; அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. படம் திரையில் ஏறியது. கழுத்து இருண்டு கிடந்தது. அக்குளில் பழைய கட்டிகள் மட்டும், போன வருடம் போலவே மங்கலாகத் தெரிந்தன. அவள் அழுதேவிட்டாள்.

டாக்டரே வெளியே வந்து லாரிக்காரரிடமும் அவர் மகளிடமும் சொன்னார். "பழைய மெதுவான வகைதான். மாறின அறிகுறி எதுவும் இல்ல. இனி அடுத்த வருஷம் வந்தா போதும்."

"போர்வைய உருவினது என் தப்புதான், அண்ணே" என்றாள் அவள்.

லாரிக்காரர் போனை எடுத்தார். "தம்பி, வண்டி பாக்க வரவேணாம். விக்கறதா இல்ல." வைத்துவிட்டு அவளை முறைத்தார். "ஒரு வாரமா வண்டி சாவிய மககிட்ட குடுத்துட்டு ஒக்காந்திருந்தேன், தெரியுமா?"

கோபம்தான், நியாயமான கோபம். அவள் தலைகுனிந்து நின்றாள்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம்னா சொன்னாரு?"

"ஆமாப்பா."

"அப்ப பின் டயரு நாலையும் புதுசா மாத்திடலாம்."